கீசர் ஒழுகுதா? புதுசு வரும்வரை சமாளிக்க ஒரு வழிகாட்டி

கீசர் ஒழுக ஆரம்பிப்பது பெரும்பாலும் அடைமழைக் காலத்திலோ மார்கழியிலோதான். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. கோடை முழுக்கச் சும்மா கிடந்த டாங்க், ஐப்பசி பிறந்ததும் காலையும் மாலையும் சூடாகி ஆறுகிறது. விரிந்து விரிந்து சுருங்குவதில், ஏற்கெனவே துரு அரித்திருந்த இடம் வாய் திறந்துவிடுகிறது. அதே வாரத்தில் ஊரில் பல வீடுகளிலும் இதே கதை நடப்பதால், சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டால் "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த நாளை வருவதற்குள் வாரம் பாதி ஓடிவிடும். இந்தக் கட்டுரை அந்த இடைப்பட்ட நாட்களுக்கானது.

இங்கே பேசுவது நம் வீடுகளில் பாத்ரூம் சுவரில் தொங்கும் 10, 15, 25 லிட்டர் மின்சார கீசரைப் பற்றி. மொட்டை மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டருக்கு வேறு கணக்கு. அதை இதில் சேர்க்கவில்லை.

சொட்டுகிற தண்ணீரால் சுவர் கெடும், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து வருவது "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் போட்டுக்கலாம்" என்று ஒழுகுகிற கீசருக்கு சுவிட்சைப் போடும்போது. அதனால் கீழே சொல்லும் வேலைகளில் எதை விட்டாலும் முதலாவதை விடாதீர்கள்.

முதலில் கரண்ட்

சொட்டுச் சத்தம் கேட்டதும் எல்லோரும் செய்வது, வாளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் கீசருக்குக் கீழே வைப்பது. வாளி காத்திருக்கட்டும். வீட்டு மெயின் போர்டுக்குப் போங்கள். கீசருக்கென்று தனி எம்.சி.பி. (அந்த லைனை மட்டும் துண்டிக்கும் பிரேக்கர் சுவிட்ச்) இருக்கும், அதை இறக்குங்கள். எது கீசருக்கானது என்று தெரியவில்லையா, மெயினையே இறக்கிவிடுங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் பரவாயில்லை.

பாத்ரூம் வாசலில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த சுவிட்ச் பெரும்பாலும் ஒரே ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது. பழைய வீடுகளில் ஃபேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (திரும்பும் ஒயர்) இடம் மாறிக் கிடப்பது சாதாரணம். அப்படி மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் கீசருக்குள் கரண்ட் காத்துக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மெயினை இறக்கி, கையும் தரையும் காய்ந்திருந்தால், 16 ஆம்பியர் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். பிளக் மேலேயே தண்ணீர் வடிகிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்; எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த லைன் இறங்கியே கிடக்கட்டும்.

இவ்வளவு பயம் எதற்கு? சுவரில் நிமிர்ந்து தொங்கும் கீசரில் ஹீட்டிங் எலிமென்ட், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட், ஒயர் முனைகள் எல்லாம் அடிப்பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கின்றன. மேலே எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் இறங்கிச் சேருவது அந்த மூடிக்குள்தான். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகவே கடத்தும். எர்த் சரியில்லாத வீட்டில் அந்தக் கரண்ட் பைப் வழியாக, வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாய்க்கும், மிக்ஸரில் இருந்து ஈரக் கைக்கும் வந்து சேரும். குழாயைத் தொட்டதும் லேசாகச் சுர்ரென்றது என்று யாராவது சொன்னால், அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் நல்லது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இறங்கிவிடும்படி செய்யப்பட்ட கருவி அது. கீசர் போட்டதும் அது இறங்குகிறதென்றால், உங்களைக் காப்பாற்றத்தான் இறங்குகிறது. "என்னமோ டிரிப் ஆகுது" என்று திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், இடைஞ்சலாக இருக்கிறதென்று பைபாஸ் செய்யச் சொல்வதும் வேண்டாம்.

எம்.சி.பி.யை இறக்கிய கையோடு அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டி, "போடாதே" என்று எழுதி வையுங்கள். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிறவர், எம்.சி.பி. இறங்கியிருப்பதைப் பார்த்தால் தானாகவே தூக்கிவிட்டுத்தான் போவார்.

அப்புறம் தண்ணீர்

கரண்ட் போனால் ஒழுக்கு நின்றுவிடாது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அது கீசருக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கீசரின் அடியில் இரண்டு குழாய் முனைகள் தெரியும். நீல வளையம் போட்டது பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி. சிவப்பு வளையம் போட்டது வெந்நீர் வெளியே வரும் வழி. இரண்டில் இருந்தும் கனெக்‌ஷன் பைப் இறங்கிச் சுவருக்குப் போகும். நீல பக்கத்துப் பைப் சுவரில் சேரும் இடத்தில் ஒரு ஆங்கிள் காக் (தண்ணீரை அங்கேயே மூடும் சின்னத் திருகு வால்வு) இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வலப்பக்கமாகத் திருகி மூடிவிடுங்கள். குளியலறையின் மற்ற குழாய்களில் தண்ணீர் வழக்கம்போல வரும். கீசருக்குப் போவது மட்டும் நிற்கும்.

பல வருஷம் தொடாத ஆங்கிள் காக் உப்பு ஏறி இறுகிப் போயிருக்கும். கையால் திரும்பாவிட்டால் ஸ்பேனரை மாட்டி முறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தண்டு ஒடிந்தால் சொட்டிக்கொண்டிருந்தது பீறிட ஆரம்பித்துவிடும். மேலே போய் அந்த லைனுக்கே தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடிவிட்டு, பிளம்பருக்குச் சொல்லுங்கள்.

தனி வீடென்றால் கேட் வால்வு மொட்டை மாடித் தொட்டியின் அடியில் இருக்கும். ஃப்ளாட் என்றால் பாத்ரூமுக்கு வெளியே ஷாஃப்டிலோ, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ, சில சமயம் பாத்ரூம் சுவரிலேயே குமிழ் மாதிரியோ இருக்கும். எது எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். கீசர் நன்றாக இருக்கும்போதே ஒருநாள் அவரிடம் கேட்டு அந்த வால்வில் பெயிண்டால் வீட்டு நம்பரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கென்று பிரஷர் பம்ப் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். மாடித் தொட்டியில் இருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம்தான். தனி வீட்டுக்கு அதில் பாதிகூட இருக்காது. பம்ப் ஓடினால் அதைப் போலப் பல மடங்கு அழுத்தம் ஏறி, சொட்டு ஒழுக்கு தாரையாகிவிடும்.

இதற்கெல்லாம் பிறகு வாளியை வைக்கலாம். சொட்டு விழும் இடம் எட்டாத மூலையாக இருந்தால், ஒரு பருத்தித் துணி நாடாவின் ஒரு முனையைச் சொட்டு உருவாகும் இடத்தில் படும்படி கட்டி, மறு முனையை வாளிக்குள் விடுங்கள். தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டே இறங்கும். ராத்திரி முழுக்க டொக் டொக் சத்தமும் இருக்காது.

எங்கே ஒழுகுகிறது?

இதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் செலவழித்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஒழுகுகிற கீசர் எல்லாமே தூக்கிப் போட வேண்டியது இல்லை. "டாங்க் போச்சு சார்" என்று பார்த்தவுடன் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. நீங்களே ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அவர் சொல்வது சரியா என்று தெரியும்.

கரண்ட் இறங்கியிருக்கிறதா என்று இன்னொருமுறை உறுதி செய்துகொண்டு, கீசரின் அடிப்பக்கத்தையும் பைப்புகளையும் பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள். அப்புறம் ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரோ செய்தித்தாள் துண்டோ சுற்றி வையுங்கள். தண்ணீரை லேசாகத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். எது முதலில் நனைகிறதோ அங்கிருந்துதான் வருகிறது. கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேலே கசிந்த தண்ணீர் பைப்பைப் பிடித்து இறங்கி, கீழே உள்ள நட்டில் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

*கனெக்‌ஷன் பைப்.* நனைந்தது பைப்பின் நட்டுப் பக்கம் என்றால் மகிழ்ச்சியான செய்தி. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கும். வாஷரை மட்டும் மாற்றுவதைவிடப் பைப்பையே புதிதாகப் போடுங்கள். விலை பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டீல் பின்னல் போட்ட பைப்பாக, வெந்நீருக்கானதாகக் கேட்டு வாங்குங்கள். வாஷர் உள்ள நட்டுக்கு டெஃப்லான் டேப் தேவையே இல்லை. கையால் முழுக்க இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் புது வாஷரும் நசுங்கி, மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும்.

*சேஃப்டி வால்வு.* நீல பக்கத்து முனையில் சின்ன நெம்புகோல் வைத்த ஒரு பித்தளை வால்வு இருக்கும். அதன் பக்கவாட்டுத் துளையில் இருந்து கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது கோளாறே இல்லை. 25 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 300 மில்லி பெருகும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி அந்த வால்வு தடுத்திருப்பதால், பெருகிய தண்ணீர் துளை வழியாகச் சொட்டுகிறது. ஒரு டியூபை மாட்டி வாளிக்குள்ளோ தரைச் சல்லடைக்கோ விட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. கீசர் ஆறிய பிறகும் ஓயாமல் சொட்டினால், தண்ணீர் அழுத்தம் அதிகம் அல்லது வால்வுக்குள் உப்பு படிந்து சரியாக மூடவில்லை என்று பொருள். வால்வை மாற்ற வேண்டும். எதுவானாலும் அந்தத் துளையை எம்-சீல் வைத்தோ போல்ட் போட்டோ அடைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் என்றைக்காவது ஒட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால், அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அதுதான். அதை அடைத்த கீசர் வெடிக்கும்.

*அடி மூடிக்குள் இருந்து.* பிளாஸ்டிக் மூடியின் நடுவிலோ ஒயர் வரும் ஓட்டையிலோ வடிந்தால், எலிமென்ட் பொருத்தியிருக்கும் தட்டின் ரப்பர் கேஸ்கெட் போயிருக்கலாம். கேஸ்கெட்டை மாற்ற முடியும். தட்டையே துரு தின்றிருந்தால் தட்டும் மாற்றலாம். கீசர் நான்கைந்து வருஷத்துக்கு உள்ளேதான் என்றால் செய்வது லாபம். ஆனால் இதை மூடி கழற்றித்தான் உறுதி செய்ய முடியும். அது உங்கள் வேலை இல்லை, மெக்கானிக்கின் வேலை. மாற்றுகிற வரைக்கும் கீசரைப் போடவே கூடாது. நான்கு கேஸ்களில் மின்சாரத்துக்கு மிக நெருக்கமாக ஒழுகுவது இதுதான்.

*டாங்க்.* இணைப்பெல்லாம் காய்ந்திருக்கிறது, ஆனால் வெளிக்கூட்டின் மூட்டில் இருந்து, அதுவும் பழுப்பு நிறத்தில் கசிகிறது. தண்ணீரை மூடி மணிக்கணக்காகியும் நிற்கவில்லை. அப்படியென்றால் உள் டாங்க் ஓட்டை. வெளிக்கூட்டுக்கும் டாங்குக்கும் நடுவில் பஃப் என்கிற நுரை அடைத்திருப்பார்கள். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால் நீங்கள் பார்க்கும் சொட்டுக்குப் பல நாள் முன்பே ஓட்டை விழுந்திருக்கும். காலி செய்த பிறகும் ஒருநாள் வரைக்கும் கசியும்.

டாங்க் ஓட்டைக்கு வைத்தியம் கிடையாது. "வெல்டு வச்சுத் தரேன், ரெண்டு வருஷம் ஓடும்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். இரும்பு டாங்குக்குள் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய கண்ணாடிப் பூச்சு வெல்டிங் சூட்டில் உரிந்துவிடும். வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். வெளியே எம்-சீல் அப்புவதும் வீண், ஓட்டை இருப்பது நுரைக்கு உள்ளே.

குளிக்கும்போது மட்டும் ஆங்கிள் காக்கைத் திறந்து, சுட வைத்து, குளித்துவிட்டு மறுபடி மூடி, இப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரமான நுரையும், அதன் கீழே ஒயர் முனைகளும், அதற்குக் கீழே நனைந்த தலையோடு ஒரு மனிதரும். என்னைக் கேட்டால் ஒருநாள்கூட வேண்டாம்.

டாங்கைக் காலி செய்வது

இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் டாங்க் காலியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. வெந்நீர் வெளியேறும் குழாய் டாங்குக்குள் உச்சி வரை நீண்டிருக்கும். கீழே இருந்து பச்சைத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் மேலே உள்ள வெந்நீர் அதில் வழிந்து வெளியே வரும். உள்ளே வருவதை நிறுத்தினால் வெளியே போவதும் நின்றுவிடும்; 25 லிட்டரும் அப்படியே உள்ளே இருக்கும். கூட்டின் எடையோடு சேர்த்து 30 கிலோவுக்கு மேல், துருப்பிடித்த இரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒழுக்கு லேசானதுதான், கரண்ட் முழுக்க இறங்கிவிட்டது என்றால், ஆங்கிள் காக்கை மூடுவதற்கு முன்பே வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளே இருக்கும் சூட்டுத் தண்ணீரை வாளிகளில் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைய குளியலுக்கு ஆச்சு. டாங்குக்குள் பச்சைத் தண்ணீர் நிறைந்துவிடுவதால் அடுத்த வேலையில் கை வெந்துபோகாது. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைக் கொப்புளமாக்கிவிடும். அந்தச் சூட்டில் பைப்பைக் கழற்றுவது நல்லதில்லை.

அப்புறம்:

1. நீல பக்கத்து ஆங்கிள் காக்கை மூடுங்கள்.
2. கனெக்‌ஷன் பைப்பின் கீழ் முனையை, அதாவது ஆங்கிள் காக் பக்கத்து நட்டை, மெல்லத் தளர்த்திக் கழற்றி வாளிக்குள் விடுங்கள். மேல் முனை கீசரிலேயே இருக்கட்டும். பைப் ஹோஸ் போல வேலை செய்யும்.
3. வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். இப்போது அதன் வேலை காற்றை உள்ளே விடுவது. காற்று போகாவிட்டால் தண்ணீர் இறங்காது.
4. சேஃப்டி வால்வு இருந்தால் அது தண்ணீரைத் திரும்ப விடாது. அதன் சின்ன நெம்புகோலைத் தூக்கிப் பிடித்தால் பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீர் வரும். இது நேரம் பிடிக்கும். நெம்புகோலைத் தூக்கியபடியே கட்டி வைத்துவிடலாம்.
5. வாளி நிறைவதற்குள் அடுத்த வாளி தயாராக இருக்கட்டும். 25 லிட்டர் என்றால் இரண்டு வாளி.

முதலில் தெளிவாக வரும். போகப் போகக் கலங்கி, வெள்ளையும் பழுப்புமாக உப்புச் செதில்கள் உதிர்ந்து வரும். வாளியின் அடியில் அது கைப்பிடி அளவுக்குப் படிந்தால் உங்கள் தண்ணீரின் லட்சணம் தெரிந்துவிடும்; புது கீசர் வாங்கும்போது இது உதவும்.

காலி கீசர் சுவரிலேயே தொங்கட்டும். அதை நீங்களே இறக்க வேண்டாம்.

இரண்டு முனையையும் சும்மா விடாதீர்கள்

காலியான கீசரின் இரண்டு பைப்பையும் சுவரில் இருந்து கழற்றிய பிறகு பச்சைத் தண்ணீர் பக்கம் ஆங்கிள் காக் மூடியிருக்கிறது, சரி. வெந்நீர் பக்கம் திறந்து கிடந்தால் என்ன, அங்கேதான் தண்ணீரே வராதே என்று தோன்றும். வரும். சுவர் மிக்ஸரில் இரண்டு பக்கமும் திறந்து, கை ஷவரை மட்டும் மூடி வைத்தால், பச்சைத் தண்ணீர் மிக்ஸருக்குள்ளேயே குறுக்கே பாய்ந்து வெந்நீர் லைனில் ஏறி, மேலே திறந்திருக்கும் முனையில் கொட்டும். கீசரைக் கழற்றிய பிறகும் மேலே இருந்து தண்ணீர் வருகிறது என்று குழம்புவது இதனால்தான்.

இரண்டு வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் எண்ட் பிளக் வாங்கி வெந்நீர் முனையை அடைத்துவிடலாம். இன்னொன்று பிளம்பர்கள் செய்வது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரே கனெக்‌ஷன் பைப்பின் ஒரு முனையைப் பச்சைத் தண்ணீர் பக்கத்திலும் மறு முனையை வெந்நீர் பக்கத்திலும் மாட்டி, ஆங்கிள் காக்கைத் திறந்துவிடுவது. கீசர் நடுவில் இல்லை. இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர் வரும். மிக்ஸர், ஷவர், ஹெல்த் ஃபாசெட் எதுவும் நிற்காது. ஆங்கிள் காக் இல்லாமல் நேரடியாக இணைத்த பழைய வீடுகளில், மாடி கேட் வால்வை மூடி வைத்துக்கொண்டு வீட்டுக்கே தண்ணீர் இல்லாமல் தவிக்கிற நிலையையும் இது தீர்த்துவிடும்.

வெந்நீருக்கு என்ன செய்வது?

இன்னொரு பாத்ரூமில் கீசர் இருந்தால் வீட்டில் உள்ள எல்லோரும் அங்கே வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2 கிலோவாட் கீசர் 25 லிட்டரை முழுசாகச் சுட வைக்க அரைமணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்து வரிசையைப் போடுங்கள்.

இல்லாவிட்டால் அடுப்பு. கேட்கப் பழங்காலம் மாதிரி இருந்தாலும் கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கொதிக்கும் தண்ணீர் 5 லிட்டரை, 25 டிகிரியில் இருக்கும் பச்சைத் தண்ணீர் 20 லிட்டரில் கலந்தால், குளிக்க இதமான 40 டிகிரியில் 25 லிட்டர் கிடைக்கும். கேஸ் அடுப்பில் 5 லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 20 நிமிடம். ஒருவர் வாளிக் குளியலுக்கு இதில் பாதியே தாராளம். கொதிநீரைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்தான் ஆபத்து. பாத்திரத்தை முக்கால் நிரப்பாமல் பாதியோடு நிறுத்துங்கள், மூடி போடுங்கள், வழியில் குழந்தைகள் குறுக்கே வராமல் பாருங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் கொதிநீர். மாற்றிச் செய்தால் நடுவில் யாராவது வந்து கை வைத்துவிடுவார்கள். கைக்குழந்தைக்கென்றால் முழங்கையால் தொட்டுப் பார்த்து, சூடே தெரியாத அளவு வெதுவெதுப்பு போதும்.

வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கலாமா? வாங்கலாம், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து. ஆனால் அதைக் கையாளத் தெரியாத ஆள் வீட்டில் ஒருவர் இருந்தாலும் அடுப்பே மேல். ராடு வைக்கும் இடம் பாத்ரூம் இல்லை, காய்ந்த தரை. பிளாஸ்டிக் வாளி, அதன் குறுக்கே காய்ந்த மரக்கட்டை, அதில் ராடு. வாளியின் பக்கத்தில் படக் கூடாது. இரும்பு வாளியோ அலுமினிய அண்டாவோ வேண்டாம். ராடு கசிந்தால் பாத்திரம் முழுக்கக் கரண்ட். முதலில் தண்ணீர், அதில் ராடு, கடைசியில்தான் சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் பட வேண்டும். சூடாச்சா என்று விரலை விட்டுப் பார்ப்பதில்தான் இதில் உயிர் போகிறது. 1500 வாட் ராடை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். ஆனால் கீசரின் 16 ஆம்பியர் பாயின்டைத் தண்ணீர் நனைத்திருந்தால் அதில் மாட்டக் கூடாது.

அவசரத்துக்கு ஒரு கேஸ் கீசர் வாங்கிப் பாத்ரூமுக்குள் மாட்டிவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். ஜன்னல் மூடிய சின்ன பாத்ரூமில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மயக்கம் வருவதற்குள் கதவைத் திறக்கத் தோன்றாது. வேண்டாம்.

யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

கீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் போட்டோ எடுங்கள். மாடல், சீரியல் நம்பர், தயாரித்த மாதம் எல்லாம் அதில் இருக்கும். பில்லைத் தேடுங்கள். மொத்த கீசருக்கு ஒரு வாரண்டியும், உள் டாங்குக்குத் தனியாக அதைவிட நீண்ட வாரண்டியும் கொடுப்பது கம்பெனிகளின் வழக்கம். "ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சு" என்று புதுசு வாங்கப் போகிறவர்கள், டாங்க் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. வாரண்டி இருக்கிறதென்றால் கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை உள்ளூர் மெக்கானிக்கை மூடியைக் கழற்ற விடாதீர்கள். அப்புறம் அதையே காரணம் காட்டுவார்கள். ஒழுகுவதை ஒரு சின்ன வீடியோவும் எடுத்து வையுங்கள்.

வாடகை வீடென்றால் ஓனருக்கு அன்றைக்கே போட்டோவோடு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். யார் செலவு என்ற வாக்குவாதம் எப்படியும் வரும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டத்தில் கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பட்டியலில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும். ரிப்பேர் வேறு, ஆயுள் முடிந்து புதிதாக மாட்டுவது வேறு என்று பேசிப் பார்க்கலாம். நல்ல ஓனரானால் பாதிப் பாதியில் முடியும்.

கீழ்வீட்டுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டு சீலிங்கில் கறை தெரிந்து அவர் மேலே ஏறி வருவதைவிட, "கீசர் ஒழுகிச்சு, தண்ணிய நிறுத்திட்டேன், உங்க பக்கம் ஈரம் இருக்கான்னு பாத்து சொல்லுங்க" என்று நீங்கள் முந்திக்கொள்வது நல்லது.

கடைக்குப் போகும் முன்

பழைய கீசர் தொங்கும் இடத்தில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்: சீலிங் வரை உயரம், பக்கத்துச் சுவர் வரை அகலம், சுவரில் உள்ள இரண்டு குழாய் முனைகளுக்கு நடுவே இடைவெளி. பரணுக்குள் வைத்த கீசர் என்றால் பரண் கதவின் அகலத்தையும் அளங்கள். 15 லிட்டர் நுழைந்த வழியில் 25 லிட்டர் நுழையாது. வாளிக் குளியல் வீட்டுக்கு 15 லிட்டர் போதும். ஷவரில் அடுத்தடுத்து மூன்று நான்கு பேர் குளிக்கிற வீட்டுக்கு 25.

பெட்டியில் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழ் ஐ.எஸ். 2082 என்ற எண். அப்புறம் ஸ்டார் லேபிள். எத்தனை ஸ்டார் அதிகமோ அவ்வளவு குறைவாகச் சூடு கசியும். உயரமான அடுக்குமாடி, அல்லது பிரஷர் பம்ப் உள்ள வீடு என்றால் 8 பார் தாங்கும் மாடல். வாளியில் செதில் நிறைய விழுந்ததா? அப்படியென்றால் கண்ணாடிப் பூச்சு டாங்க், அதில் மக்னீசியம் அனோடு. டாங்குக்குப் பதிலாகத் தன்னைத் துருவுக்குக் கொடுத்துக் கரையும் கம்பி அது. கரைந்து தீர்ந்ததும் மாற்றினால் டாங்க் நீண்ட நாள் நிற்கும். உப்புத் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்வதே இல்லை.

மாட்ட வரும் ஆளிடம் பழைய கனெக்‌ஷன் பைப்பையும் பழைய சேஃப்டி வால்வையும் மறுபடி போடாதீர்கள் என்று சொல்லுங்கள். போல்ட் பூச்சில் நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பழைய ஓட்டை தளர்ந்திருந்தால் தள்ளிப் புதிதாகத் துளை போடட்டும். நனைந்த பிளக் பாயின்டை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள், எர்த் இருக்கிறதா என்று அவரையே சோதிக்கச் சொல்லுங்கள், ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அதையும் அன்றைக்கே போட்டுவிடலாம். தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று பொரிந்து பொரிந்து வருவது நின்று, தாரை ஒரே சீராக விழுந்த பிறகுதான் கரண்ட். காலி டாங்கில் சுவிட்ச் போட்டால் எலிமென்ட் முதல் நாளே கருகும். அதன் பிறகு ஒரு மணி நேரம் எல்லா இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் எம்.சி.பி. மேலே ஒட்டிய டேப்பைக் கிழித்துவிடலாம்.

பழைய கீசரை எக்ஸ்சேஞ்சில் எடுத்தால் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். உள்ளே இருக்கும் எலிமென்ட் செம்பாக இருந்தால் அதற்குத் தனி விலை; எடைபோடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.